ரிம் பெரியவளுக்கு, டயர் சின்னவளுக்கு

வீட்டைப் பங்கு போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடையைப் பங்கு போட்டவர்களையும் பார்த்திருப்பீர்கள். வண்டிச் சக்கரத்தைப் பங்கு போட்டவர்கள் எனக்குத் தெரிந்து இந்த அண்ணன் தம்பி இருவர்தான். நடுவில் இருக்கும் ரிம் அண்ணன் பெண்டாட்டிக்கு, சுற்றியிருக்கும் டயர் தம்பி பெண்டாட்டிக்கு. ஒருத்தி எல்லைக்குள் இன்னொருத்தியின் பிரஷ் போகக் கூடாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் தினமும் அப்படித்தான் வேலை நடந்தது.

ஷெட் அவர்களுடைய சொந்த ஷெட். அண்ணன் பிரஷர் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியின் மேல்பக்கத்தைக் கழுவுவான். தம்பி உள்ளே புகுந்து சீட்டையும் கால்மிதியையும் பார்த்துக்கொள்வான். சக்கரம் நாலும் பெண்கள் பொறுப்பு. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். வருகிற வண்டிக்காரர்கள்கூட அவர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

சண்டை வந்தது ஒரு சக்கரத்தால்தான். பளபளவென்று கழுவிக் கொடுத்த ஒரு சக்கரத்தைப் பார்த்துக் காரின் சொந்தக்காரர் அசந்து போய்ப் பாராட்டினார். பெரியவள் கை கழுவப் போயிருந்தாள். சின்னவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா அரைகுறையாத்தான் விட்டுட்டுப் போனாங்க, ஓரமெல்லாம் நான்தான் திரும்பத் தேய்ச்சேன்" என்றாள். தகர மறைப்புக்குப் பின்னால் நின்ற பெரியவளின் காதில் அது முழுசாக விழுந்தது. அன்றைக்கு ஷெட் இரண்டுபட்டது. யார் யார் வீட்டு வளர்ப்பு எப்படி என்பது வரைக்கும் போய், கடைசியில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாய் மூடியதுதான். யார் முதலில் பேசுகிறாளோ அவள் தோற்றவள் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் அது தெரியும். புருஷன்மார் சமாதானம் பேசிப் பேசி அலுத்துப்போய், சக்கரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீரை நிறுத்து, நகர்ந்துகொள், வண்டி பின்னால் வருகிறது என்றெல்லாம் சொல்லித்தானே ஆகவேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரியவள் தன் சிவப்பு பக்கெட்டிடம் பேசுவாள். சின்னவள் தண்ணீர்க் குழாயிடம் பேசுவாள். "ஏய் பக்கெட்டே, வழியில உக்காந்திருக்கியே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று இவள் கேட்டால் அவள் நகர்ந்துகொள்ள வேண்டும். "கொழாயே, சில பேரு தண்ணியைத் திறந்து விட்டுட்டு ஊர்வலம் போறாங்க பாரு" என்று அவள் சொன்னால் இவள் போய்த் தண்ணீரை மூட வேண்டும். வேலைக்கு வேண்டியது பாதி, வயிற்றெரிச்சல் பாதி. எது எவ்வளவு என்று கேட்பவள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். நாளாக ஆகப் பிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். பக்கெட்டுக்குச் சொன்னது எல்லாமே திட்டு என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். குழாய்க்குச் சொன்னதைப் பெரியவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

பெரியவளுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அவளுக்கு வேறு எதில் இருந்தது? பிரேக் பிடிக்கப் பிடிக்கத் தேய்ந்து விழும் தூள், சூட்டில் வெந்து ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கெல்லாம் அது அசைந்து கொடுக்காது. அதற்கு அவள் ஆசிட் கலந்த கிளீனர் வைத்திருந்தாள். அதைச் சும்மா எடுத்து அடித்துவிட மாட்டாள். ரிம் கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் தளர்ந்த சேற்றை இறக்குவாள். கையில் முழங்கை வரை ரப்பர் உறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி. ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான். அடித்ததைக் காயவிடாமல் தேய்த்து, நட்டுக் குழியெல்லாம் வழிய வழியத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். பாலீஷ் போட்ட வெறும் அலுமினிய ரிம் வந்தால் அந்த பாட்டிலைத் தொடவே மாட்டாள், வெளுத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவள் ஒரு காரியம் செய்திருந்தாள். எந்தக் கிளீனர் வாங்குகிறாள் என்பதை ஓரகத்தி பார்த்துவிடக் கூடாது என்று, பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளைச் சாவியால் சுரண்டி எடுத்துவிட்டாள். கம்பெனி பெயரோடு சேர்ந்து, கீழே சிவப்பில் அச்சடித்திருந்த எச்சரிக்கையும் போயிற்று. அவளுக்கு அது மனப்பாடம். இன்னொருத்திக்குத் தெரியாது என்பதுதானே அவளுக்கு வேண்டியதும்.

அன்று மதியத்துக்கு மேல் ஒரு பார்சல் வேன் டிரைவர் வந்து சேர்ந்தான். வேலையை விட்டுப் போகிறான், சாயங்காலத்துக்குள் வேனை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சக்கரங்களை யாரும் தொட்டதில்லை போலிருக்கிறது, ரிம்முக்கு என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. டயரும் செம்பழுப்பாகி வெடித்த தரை மாதிரி இருந்தது. வெயிலில் ஓடி வந்த வேன், பிரேக்கிலிருந்து அனல் அடித்தது. பெரியவள் குனிந்து புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் குதித்தான். சின்னவளுக்கு அது போதும்.

"கொழாயே, சில பேரு வேலை செய்யறதுக்கு நல்ல நேரம் பாக்கணும். அதுக்குள்ள வந்த ஆளு கிழவனாயிடுவான்."

டிரைவர் சிரித்துவிட்டான். பெரியவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் சக்கரம் ஆறும்வரை அவள் அசையவில்லை. நல்ல பேர் கெட்டுப்போவதைவிட நாலு பேச்சு கேட்பது பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறிய பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கினாள். கிளீனரை அடித்ததும் கரி கரைந்து காபிக் கஷாயம் மாதிரி வழிந்தது. அவள் தேய்த்துக் கழுவிவிட்டு நகர்ந்த பிறகு சின்னவள் வந்து தன் டயரைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். மூன்று சக்கரம் இப்படி முடிந்தது. ரிம் வெள்ளியாக மின்னியது. டயர் மட்டும் எத்தனை தேய்த்தும் பழுப்பு போகவில்லை. டிரைவர் ரிம்மைத்தான் பார்த்தான், ரிம்மைத்தான் புகழ்ந்தான். "அப்பா, இது என் வண்டிதானா" என்றான். பெரியவள் ஸ்டூலை இழுத்துப் போட்ட விதத்திலேயே அவள் மனசு தெரிந்தது. சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாவது சக்கரம் சுவர் பக்கம். வேனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம்தான், காற்று வராத மூலை. பெரியவள் அதில் கிளீனரை நிறையவே அடித்தாள், அங்கேதான் அழுக்கு அதிகம். ஊறட்டும் என்று பிரஷை எடுக்க இந்தப் பக்கம் வந்தாள். அதற்குள் சின்னவள் சேலைத் தலைப்பில் எதையோ மூடிக்கொண்டு அந்த மூலைக்குள் நுழைந்துவிட்டாள். தலைப்பை விலக்கினாள். அதுவும் பேரில்லாத பாட்டில். அவளும்தான் தாளைக் கிழித்திருந்தாள், இவள் பார்த்துவிடக் கூடாதே. மூடியைத் திருகிச் சரிசெய்தபோது இந்தப் பக்கம் நின்ற பெரியவளின் மூக்குக்கு வாசனை வந்தது.

பிளீச்சிங். கழிவறைக்கு ஊற்றுவது. டயரின் பழுப்பை எடுக்க யாரோ சின்னவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவள் எடுத்த பிரஷைக் கீழே போட்டாள். சுரண்டி எறிந்த தாளில் சிவப்பில் இருந்த முதல் வரியே அதுதான், பிளீச்சிங்கோடு சேரக் கூடாது, சேர்ந்தால் விஷப் புகை. ரிம்மிலிருந்து ஆசிட் டயர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிளீச்சிங்கைத் தெளிக்காதே என்று சொன்னால் முடிந்தது. ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நேராகச் சொன்னால் முதலில் பேசியவள் இவளாகிவிடுவாள். சின்னவள் குழாயிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வீண். அந்த ஒரு நொடியில் அவளுக்கு அது உயிரைவிடப் பெரிதாகப் பட்டது. யாருடைய உயிரை என்று அவள் யோசிக்கவில்லை. பக்கெட் பக்கம் திரும்பினாள்.

"ஏய் பக்கெட்டே, ஆசிட் இருக்கிற இடத்துல பிளீச்சிங்கைக் கொண்டு போய் அடிச்சா மூச்சு முட்டிச் செத்துப் போவாங்க. புத்தி இருந்தா தள்ளிப் போ."

சத்தமாகத்தான் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். அந்த மூலையிலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

"கொழாயே, அடுத்தவ நல்ல பேரு வாங்கப் போறான்னா சில பேருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்."

சொல்லிவிட்டுச் சின்னவள் குந்தி உட்கார்ந்து, டயருக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை அழுத்தி அடித்தாள்.

சுர்ரென்று ஒரு சத்தம். சக்கரத்தைச் சுற்றி மங்கலான மஞ்சள் புகை எழுந்து, மேலே போகாமல் தரையோடு தரையாகத் தங்கியது. சின்னவள் ஒரு தடவை இருமினாள். பிறகு இருமலுக்கும் மூச்சில்லாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். எழுந்து ஓட வேண்டியவள் அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள்.

"அடியே, எந்திரிடி! மூச்சை இழுக்காத!"

கத்தியது தன் குரல்தான் என்று பெரியவளுக்கே தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மூலைக்குள் பாய்ந்து, கைக்குக் கிடைத்த கொண்டையைப் பிடித்து, இன்னொரு கையை அக்குளில் கொடுத்து, தரதரவென்று வெளியே வெயிலுக்கு இழுத்துப்போட்டாள். ஓடி வந்த கொழுந்தனை அந்தப் பக்கம் போகாதே என்று மறித்தாள். புருஷனிடம், காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்று, குனியாமல், அந்தச் சக்கரத்தின் மேல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னாள். வேன் டிரைவர் தன் வேனை மறந்துவிட்டு ரோட்டில் போன ஒரு காரை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் சின்னவளுக்கு மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. பாட்டிலில் இருந்தது என்ன என்று டாக்டர் கேட்டார், கம்பெனி பெயரிலிருந்து அந்தச் சிவப்பு வரிகள் வரை பெரியவள் ஒப்பித்தாள். உடனே வெளியே இழுத்ததால் தப்பித்தாள், இன்னும் கொஞ்ச நேரம் அந்த மூலையில் கிடந்திருந்தால் நுரையீரல் போயிருக்கும் என்றார் டாக்டர். இரவு இங்கேயே இருக்கட்டும், தொண்டை வெந்திருக்கிறது, பேசவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் கொழுந்தன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான். சாது மனுஷன், அண்ணியிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"அண்ணி, ரெண்டும் சேர்ந்தா இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவ கையில பிளீச்சிங் இருந்ததும் தெரியும்."

"வாசனை வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். ரப்பர் உறையை இன்னும் கழற்றவில்லை, அதில் சின்னவளின் தலைமுடி நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவள் புருஷன்கூட ஏதாவது சொல்லேன் என்பது போலப் பார்த்தான்.

"பக்கெட்டுகிட்ட" என்றாள்.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கூசிப்போனாள். நீங்களெல்லாம் மனுஷிதானா என்று அவன் மெதுவாகக் கேட்டான். இனி அந்த ஷெட்டில் அவளும் தன் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் நிற்கப் போவதில்லை, வேண்டுமானால் ஷெட்டையே இரண்டாக வெட்டிக்கொள்ளலாம் என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது, அதுதான் தாங்கவில்லை.

கட்டிலில் ஏதோ அசைந்தது. சின்னவள் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வந்தது குரலே இல்லை, காற்றுதான்.

"அக்கா சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

அவள் புருஷன் கையைப் பிடிக்கப் போனான். அவள் தட்டிவிட்டாள்.

"எனக்குத்தான் சொல்றாங்கன்னும் தெரிஞ்சுது. அவங்க சொன்னாங்கன்னுதான் அடிச்சேன்."

அதற்கு மேல் முடியாமல் இருமல் அவளைத் தூக்கிப் போட்டது. பெரியவள் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலில் முழங்காலை ஊன்றி, அவள் தலையைத் தாங்கிக்கொண்டு மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். இருமல் அடங்குகிற வரைக்கும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாயை மூடுடி" என்றாள், சிவந்த அந்தக் கண்களுக்கு நேராகக் குனிந்து. "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. நல்லபடியா எந்திரிச்சு வா. உன்னை உன் மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியது எனக்கு நிறைய இருக்கு."

சின்னவள் மாஸ்க்குக்குள்ளிருந்து முறைத்தாள். முறைத்தபடியே, தனக்கும் இருக்கிறது என்று விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.