ஏலத்துக்குக் காவல்

செக்கருக்கு யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது பாவம். பிடிக்கும், நம்பத்தான் மாட்டார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது தூங்குகிறவனைப் பார்த்தால் நடிக்கிறான் என்பார், விழித்திருக்கிறவனைப் பார்த்தால் முழியே சரியில்லை என்பார். ஓய்வு பெற்றதும் சீருடையைக் கழற்றினாரே தவிர அந்தப் பார்வையைக் கழற்றவில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்.

அவருடைய அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். போன வருஷம் காலமானபோது ஒரு பீரோ நிறையப் பழைய கேமராக்களை விட்டுப் போனார். அண்ணி அவற்றை விற்றாக வேண்டும். தெருமுனையில் ஒரு கடை காலியாக இருந்தது. அங்கே திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கலாம் என்பது அவள் எண்ணம். மாதக் கடைசிக்குள் முன்பணம் வந்தால் கடை உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார் கட்டிடத்துக்காரர். அண்ணியின் மகனோ தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போனா நல்லாத்தான் வெச்சுக்குவான், தம்பி. ஆனா ஒரு ஜன்னலைத் திறக்கணும்னாலும் மருமக முகத்தைப் பார்க்கணும்" என்றாள் அண்ணி.

"கவலையை விடுங்க அண்ணி. இணையத்துல ஏலம் விடறாங்களே, நானே வித்துத் தரேன்" என்று களத்தில் குதித்தார் செக்கர்.

ஒரு கேமராவைப் படம் எடுத்துப் போட்டார். படத்தில் பாதி கேமரா, பாதி அவருடைய கட்டைவிரல். பின்னால் நாற்காலியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ரொம்ப நாள் கழித்து ஒரே ஒருவர் எழுதினார், அந்தத் துண்டு என்ன விலை என்று கேட்டு.

அதற்குப் பிறகுதான் அண்ணி பின்தெருப் பெண்ணைக் கூப்பிட்டாள். அடுத்தவர் சாமானை இணைய ஏலத்தில் விற்றுக் கொடுப்பதே அவளுக்குத் தொழில். விற்ற விலையில் கால் பங்கு அவளுக்கு. செக்கர் அவளுக்கு உடனே ஏலக்காரி என்று பெயர் வைத்தார்.

"கால் பங்கா! எடுக்கறது நாலு படம், எழுதறது நாலு வரி. நோகாம நோம்பு கும்பிடறதுன்னா இதுதான்" என்று அண்ணியின் காதைக் கடித்தார்.

"உங்க துண்டை வெச்சு நான் கடை தொறக்க முடியாதே, தம்பி."

பீரோவில் இருப்பதையெல்லாம் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டாள். அதனால் ஏலக்காரி அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டு வைஃபையிலேயே வேலை செய்தாள். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு கேமராவையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் படம் எடுத்தாள். பிறகு, "லென்சில் கீறல் இருக்கிறது, உள்ளே லேசாகப் பூஞ்சை" என்று எழுதினாள். செக்கருக்கு வயிறு எரிந்தது.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு மூட்டு வலின்னு யாராவது கல்யாணப் பத்திரிகையில அடிப்பாங்களா?"

"நாம சொல்லலைன்னா வாங்கினவங்க சொல்வாங்க, சார். அப்புறம் எம்பேர் கெட்டுப் போயிடும். இந்தத் தொழில்ல எனக்கு முதல்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

பேரைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களிடம்தான் டிக்கெட் இருக்காது என்பது செக்கரின் அனுபவம். அவள் ஆரம்ப விலை போட்டதைப் பார்த்ததும் அந்தச் சந்தேகத்துக்குக் கையும் காலும் முளைத்தன. எல்லாமே அடிமாட்டு விலை! குறைச்சலாக ஆரம்பித்தால்தான் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் விலை தானாக ஏறும், கடைசி நாளில் பாருங்கள் என்றாள் அவள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார் செக்கர். ஏறாது. அவள் ஆளே ஒருத்தன் உள்ளே உட்கார்ந்திருப்பான், காதும் காதும் வைத்த மாதிரி அள்ளிக்கொண்டு போய்விடுவான். அண்ணிக்கு யார் இருக்கிறார்கள், தன்னை விட்டால்?

ஆகவே வேறொரு பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, செக்கரே ஏலம் கேட்க ஆரம்பித்தார்.

தன் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. சொந்தக் காசில் போட்ட டேட்டாவைச் செலவழிக்க அவருக்கு மனம் வருமா? தினமும் மாலை டீ குடிக்கிற சாக்கில் அண்ணி வீட்டுக்கு வந்து, அதே சாப்பாட்டு மேசையில், அதே வீட்டு வைஃபையில் கேட்டார். ஒவ்வொரு கேமராவுக்கும் விலையை ஏற்றினார். யாராவது அதற்கு மேல் கேட்டதும், தப்பித்தோம் என்று ஒரு வாய் டீ குடித்தார். ஒரு ஆள் மட்டும், அண்ணனுக்கு உயிராக இருந்த மடிப்புக் கேமராவை விடுவதாக இல்லை. இவர் ஏற்ற அவன் ஏற்ற, விலை எங்கேயோ போயிற்று. இவன்தான் ஏலக்காரியின் ஆள், வசமாக மாட்டினான் என்று செக்கருக்கு ஒரே குஷி.

"என்ன தம்பி, தனியா சிரிக்கறீங்க?" என்றாள் அண்ணி.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான், அண்ணி."

அந்த மடிப்புக் கேமரா ஒன்றே கடை முன்பணத்துக்குப் போதும் என்று அண்ணி கண் கலங்கினாள். திரைச்சீலைத் துணிக்கு மாதிரித் துண்டுகள்கூட வாங்கி வந்துவிட்டாள். செக்கர் தன்னைத்தானே தட்டிக் கொடுத்துக்கொண்டார்.

ஏலம் முடிய வேண்டிய அன்று, பார்சல் கட்டி அனுப்புவதற்காகத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த கேமராப் பெட்டிகளையெல்லாம் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏலக்காரி வந்து இறங்கினாள். பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கிவிட்டுப் போனை அண்ணியிடம் நீட்டினாள்.

"என் கணக்கை முடக்கிட்டாங்கம்மா. சாமானை ஏலத்துக்குப் போட்ட அதே வீட்டு இணைப்புலேர்ந்து யாரோ ஏலமும் கேட்டிருக்காங்களாம். நானே திருட்டுத்தனமா விலை ஏத்தினேன்னு சொல்றாங்க. எல்லா ஏலமும் ரத்து. இன்னும் எத்தனையோ பேர் சாமான் என்கிட்ட இருக்கு. அதையும் விக்க முடியாது."

அண்ணிக்குப் பாதிதான் புரிந்தது. "அந்த மடிப்புக் கேமரா?"

"கேட்டவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். வயசானவர், நிஜமாவே அந்தக் கேமரா மேல ஆசைப்பட்டவர். என்னை ஏமாத்துக்காரின்னு எழுதிட்டார்." தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. விலை ஏறட்டும்னு நீங்க ஏதாவது…"

அண்ணியைப் பார்த்து யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. பேசாமல் இருந்தால் பழி அண்ணி மேல் விழும் என்பது செக்கருக்குப் புரிந்தது. புரிந்தும் உடனே சொல்ல வாய் வரவில்லை, அதுதான் அவமானம்.

"நான்தாம்மா" என்றார் கடைசியில். "நீ உன் ஆளை விட்டு அள்ளிடுவியோன்னு… நான் கம்பெனிக்கே எழுதறேன். எல்லாம் என் தப்புன்னு எழுதறேன்."

"எழுதுங்க, சார்" என்றாள் ஏலக்காரி. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இப்படி ஒரு ஆளைப் புடிச்சு எழுத வெப்பாங்களாம். நம்ப மாட்டாங்க."

அண்ணி தன் போனை எடுத்துக் கட்டிடத்துக்காரரைக் கூப்பிட்டாள். கடையை வேறு ஆளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். செக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ பெட்டிகளைப் பார்த்தாள், பிறகு ஏலக்காரியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் உன் வீட்டுலயே இருக்கட்டும்மா. உன் கணக்கு எப்ப திறக்குதோ அப்ப வித்துக் கொடு, அதே கால் பங்குக்கு. எத்தனை மாசமானாலும் சரி."

"உங்க பொருள் உங்ககிட்ட இருக்கறதுதானேம்மா நல்லது?"

"வேண்டாம்" என்றாள் அண்ணி. செக்கர் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. "இங்க வெச்சா பாதுகாப்பில்லை."

ஆட்டோ இன்னும் போகவில்லை. செக்கர் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.