கஞ்சி குடித்த சட்டிகள்

றுக்கியாவின் வெள்ளை ஆடு நீலமானதில்தான் வினை தொடங்கியது.

பாலையூற்றில் என் சாயக் கொட்டிலுக்கும் அவள் வீட்டு வளவுக்கும் நடுவே ஒரே வாய்க்கால். சாரம் நெய்கிற நூலுக்குச் சாயம் தோய்த்த கழிவுத் தண்ணீர் அதில்தான் ஓடும். ஆடு அதில் படுத்துப் புரண்டிருக்கிறது. படுக்க வேறு இடமா இல்லை என்று நான் கேட்டதுதான் தாமதம், அவள் பட்டினத்துக்குப் போய் முறையிட்டுவிட்டாள். சுகாதாரப் பரிசோதகர் இரத்தினசிங்கம் வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன், வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடாவிட்டால் கொட்டிலுக்குப் பூட்டு என்றார். சண்டைக் காலத்தில் வேறு வேலை எங்கே கிடைக்கும்? என்னோடு வேலை செய்த நாலு பெண்களின் அடுப்பும் அந்தக் கொட்டிலை நம்பித்தான் எரிந்தது.

கொழும்பிலிருந்து வடிகட்டும் மெசின் எடுக்க வசதியும் இல்லை, பாதையும் இல்லை. என் வீட்டுக்காரர் கனகரத்தினம் விஞ்ஞான வாத்தியார். களிமண்ணோடு அரித்த உமியைக் குழைத்துச் சட்டி வனைந்து சுடுவோம் என்றார். உமி எரிந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். சாயத் தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் சாயம் திரளும். திரள் சட்டியில் தங்க, தண்ணீர் மட்டும் கசிந்து இறங்கும்.

கப்பல்துறை ஊர்ச் சூளையில் சுட்ட மூன்று சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவரைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அடியில் சொட்டியது.

"மாத்தயா, ஓட்டைச் சட்டியைக் குடுத்து நல்லா ஏமாத்திட்டாங்க" என்று இரக்கப்பட்டுப் போகச் சொன்னானாம்.

வியாழன் காலை ஊற்றிப் பார்த்தோம். நீலம் மேலே நின்றது, கீழே தெளிந்த தண்ணீர் இறங்கியது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். சாட்சிக்கு ஆட்டையும் இழுத்துக்கொண்டு றுக்கியா வந்தாள். நான் பெருமையோடு ஊற்றினேன். ஒரு சொட்டு விழவில்லை.

"தண்ணி எங்கயம்மா?" என்றார் அவர்.

தேத்தண்ணியோடு வந்த என் மச்சாள் தங்கமுத்து, என் வீட்டுக்காரரின் தங்கச்சி, முகமெல்லாம் மலர நின்றாள். "இனி ஒழுகாது மச்சாள். நேற்றுப் பின்னேரம் மூண்டையும் கழுவி, கஞ்சி காய்ச்சிப் பழக்கி வைச்சனான். புதுச்சட்டியெல்லோ!"

சாயம் கிண்டுகிற துடுப்பை நான் அடிக்க எடுத்தே விட்டேன். கெக்கட்டமிட்டுச் சிரித்தது றுக்கியாதான்.

"நானெண்டாலும் அதைத்தான் செஞ்சிருப்பன்! புதுச்சட்டிய ஆரு பழக்காம விடுற?"

பரிசோதகரின் மீசையும் ஆடியது.

"உமியை எரிச்ச நெருப்பு துளையை அடைச்ச கஞ்சியை எரிக்காதோ?" என்றார் என் வீட்டுக்காரர். சிரிப்பு அடங்குமுன்னே றுக்கியா தன் வளவிலிருந்து ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டையை இழுத்து வந்தாள். சட்டிகளைச் சுற்றி அடுக்கிக் கொளுத்தினோம். பரிசோதகர் கதிரையில் சாய்ந்து தங்கமுத்துவின் தேத்தண்ணியைக் குடித்தார். ஈரச் சட்டி டப்பென்று ஒன்று வெடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. எஞ்சிய ஒன்றை மெல்ல ஆறவிட்டுச் சாயத் தண்ணீரை அதில் ஊற்றினேன்.

சொட்டியது.

பரிசோதகர் கிளாசில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேசா நீலம் இருக்குமாப்போல கிடக்கு" என்று இழுத்தார்.

றுக்கியா கிளாசை வாங்கித் தன் வெள்ளை முக்காட்டின் தலைப்பில் கவிழ்த்தாள். பிழிந்து வெயிலில் பிடித்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"கடலைப் பாத்துப் பாத்து உங்கட கண்ணிலதான் நீலம், சேர். பூட்ட வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காதபடி குனிந்து ஆட்டைத் தடவினேன். அது மட்டும் இன்னும் நீலமாகவே நின்றது.