கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சிய பாகு

வருடக் கடைசி விடுமுறையின் முதல் நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. உள்ளே ஆரஞ்சுத் தோலும் பட்டையும் சர்க்கரையில் கொதிக்கிற வாசனை. என் கணவர் எதையோ கிசுகிசுத்தார், மகள் சிரித்தாள். ஏதோ திட்டம் நடக்கிறது என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது.

நான் சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் உள்ளும் புறமும் புரட்டி, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பட்டன் ஆடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா என்ன?

அதிலும் அந்த வாரம் என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் புதுத் தொழிற்சாலை திறக்கிறார்கள். அங்கே செக்கிங் பிரிவு முழுவதையும் நான் நடத்த வேண்டும். இரண்டு வருடம். மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வரலாம். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் அன்று பதில் சொல்லியாக வேண்டும். போகவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. வீட்டில் மூச்சுவிடவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்பு இதே போல ஒரு வாய்ப்பு வந்தபோது, சொல்லிப் பட்டிருக்கிறேன். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்கே தெரியாமல் மெல்லக் கால் வைப்பார், வண்டி தானாக நின்ற மாதிரி இருக்கும். அன்றும் அப்படித்தான் செய்தார். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் காலையில் காபி போட்டுக் கொடுத்தார், துணி மடித்தார், முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டார். எட்டாம் நாள் நானே போய், "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் அன்பாக எதையாவது செய்தால், எங்கே பிரேக் விழப்போகிறது என்றுதான் பார்ப்பேன்.

கதவைத் தட்டினேன்.

"அஞ்சு நிமிஷம்மா!" என்றாள் மகள். பதினாலு வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர்.

"உள்ள என்னடி நடக்குது?"

"பிரெஞ்சு டோஸ்ட். லீவு ஸ்பெஷல். நீ போய் உக்காரு."

"உங்கப்பாவுக்கு முட்டை உடைக்கவே தெரியாதே!"

"தெரியும்," என்றார் அவர் உள்ளிருந்து.

நான் போய் உட்காரவில்லை. முதலில் கைப்பையைத் திறந்து பார்த்தேன். கடிதம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்துப் படித்தவர்கள்தான் அவ்வளவு ஒழுங்காகத் திரும்ப வைப்பார்கள்.

அடுத்து, வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குப்பைக்கூடையைக் கிளறினேன். ஐந்து ரொட்டி உறைகள். முட்டை ஓடு கணக்கில்லாமல் கிடந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் என் பால் பாத்திரம், அடியில் கரேலென்று தீய்ந்த சர்க்கரையோடு ஒளிந்திருந்தது. வக்கீலுக்குப் பள்ளிக்கூடம் போன வாரமே மூடிவிட்டது. அவருக்கும் வருடக் கடைசியில் வகுப்பு குறைவு. அப்படியானால் நான் வேலைக்குப் போன பிறகு தினமும் இங்கே ஒத்திகை நடந்திருக்கிறது.

எல்லாம் புரிந்துவிட்டது. ஆளுக்கு விஷயம் தெரியும். போன தடவை வெறும் காபியோடு காரியம் முடிந்தது. இந்தத் தடவை பாகு காய்ச்சுகிறார், கூடப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டார். அவள் "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தால் நான் கரைந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த முறை நான் மசியப்போவதில்லை.

கூடத்துப் பக்கக் கதவைச் சாத்தியவர்கள் பின்கதவை மறந்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வக்கீல் ரொட்டித் துண்டுகளை முட்டையும் பாலும் கலந்த தட்டில் இரண்டு பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் பாகில் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, விரலில் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். கம்பி விழுவதற்கு முந்தின பதம். அடுப்பை அணைத்தார். பதினாறு வருடம் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர்!

"நேராவே கேக்குறேன்," என்றேன். "என்னைப் போகவிடாம பண்ணத்தானே இதெல்லாம்?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வக்கீலின் கண் மேல் அலமாரிக்குப் போய்ச் சட்டென்று திரும்பியது. அந்த ஒரு பார்வை எனக்குப் போதும். அலமாரிக் கதவைத் திறந்தேன்.

உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு அவர் கையெழுத்தில் எழுதியிருந்தார். திங்கள், சமையல் அப்பா, பாத்திரம் வக்கீல். செவ்வாய், சமையல் வக்கீல், பாத்திரம் அப்பா. இப்படியே சனிக்கிழமை வரை போயிற்று. துணி, குப்பை, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டிருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை. கடைசி வரியில் மட்டும் இருந்தது: "அம்மா வரும் ஞாயிறு: பிரெஞ்சு டோஸ்ட், பாகு. அம்மா அடுப்பைத் தொடக் கூடாது."

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேனேஜர் போன வாரம் எனக்குப் போன் பண்ணினாரு. நீ எடுக்கலயாம்," என்றார் அவர். கையில் பாகுக் கரண்டி அப்படியே இருந்தது. "நீயா சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"ஏன் நீங்க கேக்கல?"

"கேட்டா, நான் கேட்ட விதத்துலயே நீ வேண்டாம்னு சொல்லிடுவ." கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டு வருஷம் முன்னாடி நான் வாயே திறக்காம உன்னை நிறுத்திட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது. இந்தத் தடவ வாயத் திறந்து சொல்லிடறேன். நீ போயிட்டு வா."

"போன வாரம் நாலு தடவ தீஞ்சுபோச்சும்மா," என்றாள் வக்கீல். "அப்பா விடவே இல்ல. அம்மா வர்ற அன்னிக்கு நல்லதா ஒண்ணாவது செய்யத் தெரியணும்னாரு. பாத்திரம் போனதுக்கு மட்டும் மன்னிச்சுடு."

எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு நாள் எதற்காக ஏங்கினேனோ அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் நெஞ்சு கனத்தது. அவர்கள் தடுப்பார்கள், அழுவார்கள், நான் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவேன் என்றுதான் இத்தனை நாளும் மனதுக்குள் வசனம் பேசிப் பார்த்திருந்தேன். அந்த வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தட்டில் இரண்டு துண்டு, மேலே பாகு. இருவரும் எதிரே நின்று என் வாயையே பார்த்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதில் ஒரு குறையைத் தேடினேன். நடுவில் வேகாமல் இருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்தேன். பாகில் ஆரஞ்சுத் தோலின் கசப்பு இறங்கியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். புரட்டிப் போட்டு அடிப்பக்கம் தீய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஏதாவது ஒன்று, சின்னதாக ஒன்று இருந்தால் போதும், "நான் இல்லாம உங்களால முடியாது" என்று சொல்லிவிடலாம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, பாகு அளவாக ஊறி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வக்கீல் பயந்துபோய்க் குனிந்தாள். "ஏம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்டி இருக்கு," என்றேன். "அதான் அழுகையா வருது."