மூன்றாம் நம்பர் கோழியின் காய்ச்சல்

மூன்றாம் நம்பர் கோழியின் உடல்சூடு அறுபது டிகிரியைத் தொட்டபோது, அம்சவல்லி வாயில் போட்ட வடையை மெல்ல மறந்துபோனாள்.

விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். இந்த ஊர் வெயிலை நாட்டுக்கோழி எப்படித் தாங்குகிறது என்பதுதான் ஆய்வு. பீங்கான் பட்டறை ஒன்றை ஒட்டிக் குடியிருக்கும் ராஜம்மாளின் கோழிகளுக்கு, இறக்கைக்கு அடியில் புளியங்கொட்டை அளவு சென்சாரைப் பட்டை போட்டுக் கட்டியிருந்தாள். அது அளக்கும் சூடு நேராக அவள் போனுக்கு வந்துவிடும்.

மற்ற கோழிகள் நாற்பத்தொன்றில் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் நம்பர் மட்டும் தினமும் காலையில் நாற்பத்து மூன்றுக்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அவளுடைய பேராசிரியர் பாண்டியன் அதில் சொக்கிப்போய், 'காலைக் காய்ச்சல்' என்று பெயர் வைத்து, கருத்தரங்கத்துக்குத் தலைப்பும் கொடுத்துவிட்டார்.

இப்போது அவருக்குத்தான் போன் போட்டாள்.

"சார், மூணாம் நம்பர் அறுபது காட்டுது."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அம்சா, அது கோழி இல்லம்மா. கொழம்பு."

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போய் இறங்கினால், ராஜம்மாள் வீட்டு வாசலிலேயே மசாலா வாசனை தூக்கியடித்தது. அம்சவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா! ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

ராஜம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னாத்தப் பண்ணேன்? மருமவன் வூட்டுக்கு வந்திருக்காருன்னு கடையில பிராய்லர் வாங்கியாந்து வைக்கிறேன். ஒன் கோழி அதோ திரியுது பாரு. நீ அந்த வாச்சக் கட்டுன நாள்லேர்ந்து ஒரு முட்ட வைக்கல!"

ஸ்கூட்டிக்கு அடியிலேயே மூன்றாம் நம்பர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இறக்கைக்கு அடியில் பட்டையைக் காணோம். போனில் அறுபத்தாறு.

"இது காலையில எங்கக்கா போவும்?"

"வேலி தாண்டி பட்டறைக்குத்தான்."

இருவரும் ஓடினார்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் அடுக்கிய டிராலியை, ஈரம் காயவைக்கும் சூட்டறையிலிருந்து இழுத்துச் சூளைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார் மேஸ்திரி தர்மராஜ். சூளைக்குள் போனால் சென்சார் உருகி ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று டிராலிக்கு முன்னால் போய் விழாத குறையாக நின்றாள் அம்சவல்லி.

கீழ்த்தட்டில் ஒரு சாக்குத்துண்டு. அதன்மேல் பட்டையோடு சென்சார். பக்கத்தில் ஒரு முட்டை.

"இது ஏது முட்ட?" என்றாள் ராஜம்மாள்.

"அதுங்களா? அது தெனம் இருக்குங்க," என்றார் தர்மராஜ் வெள்ளந்தியாக. "காலையில டிராலிய உள்ள தள்ளிட்டு, வெளிய இழுத்தா வெந்து ரெடியா இருக்குது. சாமி குடுக்குதுன்னு நெனச்சு டீயோட சாப்புட்டுக்குவோம்."

"சாமி குடுக்குதா? எங்கோழிய்யா குடுக்குது!"

ராஜம்மாள் போட்ட சத்தத்தில் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அம்சவல்லியின் காதில் எதுவும் ஏறவில்லை. சூட்டறை வாசலில் நிற்கும் வெதுவெதுப்பான டிராலியில் தினமும் முட்டையிட உட்கார்ந்திருக்கிறது கோழி. இன்றைக்குப் பட்டை கழன்று அங்கேயே விழுந்துவிட்டது. காய்ச்சலும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"சிரிக்கிறியா? இந்தா தின்னு," என்று ராஜம்மாள் முட்டையை உரித்து, பாதியை அவள் கையில் திணித்தாள்.

தின்று முடித்த பிறகுதான் பேராசிரியரைக் கூப்பிடத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"முட்டை எப்படி வெந்திருந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"மஞ்சக்கரு கெட்டியா இருந்துச்சு சார். வெள்ளைக்கருதான் கொஞ்சம் இளக்கம்."

"மஞ்சக்கரு அறுபத்தஞ்சுலயே இறுகிடும், வெள்ளைக்கரு நல்லா இறுக எண்பது வேணும். அப்ப அறுபத்தாறு சரிதான்," என்றார் பாண்டியன் நிம்மதியாக. "சென்சார் மேல ஒரு குத்தமும் இல்ல."