படத்தில் இல்லாத விரிசல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வலியைப் பற்றி நெடுநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று கௌரவமாக ஏதாவது சொல்லலாம். பொய் ஆகிவிடும். என் தங்கை குதிரை மருத்துவர். நொண்டுகிற குதிரையின் காலை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்துப் படமெடுத்து, எந்த மூட்டில் என்ன காயம் என்று சொல்கிறவள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் அவளிடம் குதிரைகளைப் பற்றிக் கேட்பார்கள். இத்தனை புத்தகம் எழுதிய என்னிடம், தண்ணீர்க் குடுவையை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வார்கள்.

எனவே அவள் தோற்கிற மாதிரி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "குதிரைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. அதன் மௌனத்தில் ஒரு…"

(வேண்டாம். குதிரையைக் காட்டித் தத்துவம் பேசுகிறவர்களை எனக்கே ஆகாது.)

இரண்டாவது: "அந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக் கூடாது. குதிரையின் லாடத்தைக் கழற்றியிருந்தார்கள். மருத்துவர் தன் தலைக் கிளிப்பையும் சாவியையும் வாசலில் ஒரு தட்டில் போட்டாள். மயக்க மருந்தில் தலை தொங்க நின்ற பெண் குதிரையின் காதுகளில் பஞ்சு. முன்னங்கால் காந்தத்தின் நடுவே. அது ஆடிவிடாமல் இருக்க, மருத்துவர் அதன் தோளில் கன்னத்தைச் சாய்த்து…"

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். கன்னத்தைச் சாய்த்தாள் என்றால் உங்களுக்கு அவளைப் பிடித்துப்போகும். அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதற்குள் நீங்கள் படித்துவிட்டீர்கள், என்ன செய்ய.

3

கதை இதுதான். பந்தயக் குதிரை ஒன்று நொண்டுகிறது. இளம் மருத்துவர் படமெடுக்கிறாள். மூட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் இருக்கிறது. அவள் கவனிக்காமல், ஒன்றும் இல்லை என்கிறாள். குதிரைக்காரர் நம்பி ஓட விடுகிறார். பந்தயத்தில் கால் முறிகிறது. முறிந்தால் அத்தனை எடையுள்ள பிராணி பிழைக்காது.

தொழில் விவரம் சரியா பார் என்று தங்கையிடம் கொடுத்தேன். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அது எங்கும் போகவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே படித்து முடித்தாள்.

"அக்கா, இது இப்படி நடக்காதே."

"ஏன், நீங்கல்லாம் தப்பே பண்ண மாட்டீங்களோ?"

"பண்ணுவோம். ஆனா பெரும்பாலும் படத்துக்கு முன்னாடியே நடந்துடும். முழுக் காலையும் நாங்க படம் எடுக்கிறதில்ல. முதல்ல இன்னொரு டாக்டர் கீழேர்ந்து ஒவ்வொரு இடமா ஊசி போட்டு மரத்துப்போக வெப்பாங்க. குளம்பு மரத்ததும் நொண்டல் நின்னுதுன்னா, வலி குளம்புலதான். அங்க படம் எடுப்போம்."

"சரி."

"ஊசி போட்டா சீக்கிரம் ஓட்டிப் பாத்துடணும். விட்டா மருந்து மேல ஊறி, மேல் மூட்டும் மரத்துடும். அப்பவும் நொண்டாது. நாம குளம்புன்னு நெனச்சுப் படம் எடுப்போம். சுத்தமா இருக்கும். விரிசல் மேல உக்காந்திருக்கும்."

"அப்போ தப்பு ஊசி போட்டவ மேல."

"ஆமா. அவங்களை உள்ள கொண்டு வா. கதை நல்லா வரும்."

(என் கதையையும் அவளே நன்றாக்கிக் கொடுத்துவிட்டாள். வயிறு எரிந்தது.)

4

ஊசி போடுகிறவளை உருவாக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதுவே சந்தேகத்துக்குரியது. அந்த இயந்திரம் வருவதற்கு முன்பிருந்தே அந்த மருத்துவமனையில் வேலை செய்கிறவள். ஒரு காலத்தில் குதிரைக்காரர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது அவளைத் தாண்டி, படம் பார்க்கிறவளின் அறைக்குப் போகிறார்கள். அன்று ஊசி போட்டபின் குதிரைக்காரர் அபூர்வமாக அவளிடம் பேச்சுக் கொடுத்தார். அவளும் விடாமல் பேசினாள், தன் பழைய வெற்றிகளையெல்லாம் எடுத்துவிட்டாள். குதிரை காத்துக்கொண்டு நின்றது. மருந்து மேலே ஊறியது. பிறகு ஓட்டிப் பார்த்தபோது நொண்டல் இல்லை.

குளம்பின் படம் சுத்தமாக வந்தது. "இவ்ளோ பெரிய மெஷினு, ஒண்ணும் இல்லைங்கிறீங்க" என்றார் குதிரைக்காரர். "சரி, வலிக்கு மருந்து குடுத்து ஓட விட்டுடறேன்."

இளையவள் கண் சிவக்கப் படங்களை மறுபடி மறுபடி புரட்டினாள். "அக்கா, நீங்க உடனே ஓட்டிப் பாத்தீங்கதானே?"

(மருத்துவமனையில் மேடம் என்றுதான் கூப்பிடுவார்களாம். கை அக்கா என்று எழுதிவிட்டது.)

"பாத்தேனே" என்றாள் ஊசிக்காரி. இளையவள் திணறுவதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. எழுதும்போது எனக்கும் இனித்தது.

5

முடிவுகள்.

ஊசிக்காரி வாயைத் திறக்கவில்லை. பந்தய நாள். கூட்டத்தின் இரைச்சல். வளைவில் குதிரை முன்னங்காலை ஊன்ற… (முடியவில்லை. எனக்குக் குதிரை மேல் எந்தக் கோபமும் இல்லை.)

அல்லது இளையவளே யோசித்து மேல் மூட்டைப் படமெடுத்து விரிசலைக் கண்டுபிடிக்கிறாள். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதைக் கிழித்துப் போட்டேன். என் செலவில், என் மேசையில், என் கதையிலுமா அவள் ஜெயிக்க வேண்டும்?

அல்லது ஊசிக்காரி ஒப்புக்கொள்கிறாள். அன்றுதான் தன்னை மதித்துப் பேசிய மனிதர் முன்னால், பேசிய பேச்சில்தான் தாமதமானது என்று.

6

எழுதியவரை தங்கைக்கு அனுப்பியிருந்தேன். ஃபோன் செய்தாள்.

"அக்கா, கதையில குதிரைய பந்தயத்துக்கு வண்டியில ஏத்திட்டியா?"

"ஏறிட்டிருக்கு."

"ஊசி போட்டவங்களை உண்மையைச் சொல்ல வையேன்."

"சொல்ல மாட்டேங்கிறா."

"சின்னவ மேல அவ்வளவு கோவமா அவங்களுக்கு?"

"கோவம் இல்லடி. பொறாமை."

இந்தச் சொல்லை அவளிடம் நான் இதுவரை உச்சரித்ததில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்: "சின்னவளுக்கு அந்தப் பொறாமை முன்னாடியே தெரியும்னு மட்டும் எழுதிடாத அக்கா. அப்புறம் அவளால அங்க வேலை பாக்க முடியாது."

வைத்துவிட்டாள்.

7

வண்டியின் சாய்பலகையில் குதிரை ஏறுகிறது. ஊசியின் வேகம் இறங்கிவிட்டது, இடது காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்குகிறது. குதிரைக்காரர் வண்டி ஓட்டுகிறவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். இளையவள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஊசிக்காரி மட்டும் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

"மேல் மூட்டையும்…"

மீதி, 'எடுத்துப் பாருங்க.' இன்னும் இரண்டு சொல்தான். குதிரை பிழைத்துக்கொள்ளும். நான் இங்கே எழுந்துகொள்கிறேன், நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு என் தங்கை யாரோ ஒருத்திதானே.