ஆர்ட்டுவின் கண்

ஆர்ட்டுவின் குறை என்னவென்று, ஐஸ் அரங்கத்தில் சாசேஜ் விற்கும் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கால். பதினேழு வயது, ஐஸ் ஹாக்கியில் முன்கள ஆட்டக்காரன். ஆனால் நின்ற இடத்திலிருந்து அவன் வேகமெடுப்பதற்குள் எதிரணிக்காரன் காபியே குடித்துவிட்டு வந்துவிடலாம். நிறை என்னவென்று அவன் அப்பா கலெர்வோவைக் கேட்க வேண்டும்; கேட்காவிட்டாலும் மனுஷன் சொல்வார். கண். யார் எங்கே நிற்கிறான் என்று தலையைத் திருப்பாமலே பையனுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருகிறவனுக்கு ரப்பர் வட்டைத் தள்ளிவிடுவான், அது நேரே அவன் மட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஹெல்சிங்கியின் பெரிய கிளப்புக்கு ஆள் தேடும் யூர்கி, இலையுதிர் காலத்தில் வந்து பார்த்துவிட்டுக் கலெர்வோவின் தோளில் தட்டினார்.

"காலை ஜிம்முல தேத்திக்கலாம்யா. இந்தக் கண்ணை எவன் குடுப்பான்? ஜனவரில மறுபடி வரேன். இதே மாதிரி ஆடினா கையெழுத்துதான்."

அன்று கலெர்வோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, அவர் ஒரு காரியம் செய்திருந்தார். ஆட்டப் பருவம் தொடங்குமுன் எல்லாப் பையன்களுக்கும் கணினியில் ஒரு ஞாபகப் பரீட்சை உண்டு. தலையில் அடிபட்டால் அதை மறுபடி எழுத வேண்டும். பழைய மார்க் வந்தால்தான் டாக்டர் களத்தில் இறக்குவார். அதை ஏமாற்றும் வழி உடைமாற்றும் அறைகளில் எல்லாருக்கும் தெரியும். கலெர்வோ காரில் போகும்போது அதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"வேணும்னே தப்பா எழுதுடா. நாளைக்கு மண்டையில ஒண்ணு விழுந்தாலும் அதே மார்க் வந்துரும். வீட்ல உக்கார வைக்க மாட்டாங்க."

"டாக்டரம்மா என்னை மக்குன்னு நெனைப்பாங்களேப்பா."

"நெனைச்சுட்டுப் போகட்டும். எல்லாரும் பண்றதுதான்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஜனவரி பிறந்ததும் ஓர் ஆட்டத்தில், களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரம் ஒருவன் ஆர்ட்டுவின் தலையில் முழங்கையால் இடித்தான். பையன் எழுந்துவிட்டான், சிரிக்கக்கூடச் செய்தான். அடுத்த வாரம் டாக்டர் சிர்ப்பா மறுபடி பரீட்சை வைத்தார். இந்தத் தடவை ஆர்ட்டு ஒழுங்காகத்தான் எழுதினான். வந்தது ஆகஸ்டில் வேண்டுமென்றே தப்பாக எழுதி வாங்கிய அதே மார்க். "ஒண்ணுமில்ல, ஆடலாம்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அன்றிரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவன், "எப்பப்பா சாப்பாடு?" என்று வந்து நின்றான். வளர்கிற பையன், பசி என்று கலெர்வோ தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். யூர்கி வர இரண்டு நாள்தான் இருந்தது. பாவி மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

யூர்கி வந்தார். ஆட்டம் பாதி நடந்தபோது வட்டு ஆர்ட்டுவிடம் வந்தது. தலையைத் திருப்பாமலே இடது மூலைக்குத் தள்ளினான். அருமையான பாஸ். ஆனால் அங்கே யாருமில்லை. எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டான்.

"வில்ஹோ! எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று ஆர்ட்டு கத்தியது மேல்வரிசை வரை கேட்டது.

இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்த வில்ஹோ போன வசந்தத்திலேயே குடும்பத்தோடு ஸ்வீடனுக்குக் குடிபோய்விட்டான். பெஞ்சில் இருந்த பையன்கள் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆர்ட்டு ஒவ்வொருவனிடமாகப் போய் "வில்ஹோ எங்க?" என்று கேட்க ஆரம்பித்தபோது பயிற்சியாளர் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்.

"கண்ணை நம்பித்தான்யா வந்தேன்" என்று யூர்கி தொப்பியை மாட்டிக்கொண்டார். கலெர்வோ காதில் அது விழவே இல்லை. படியிறங்கி மருத்துவ அறைக்கு ஓடி, ஆகஸ்டில் செய்ததை டாக்டரிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

சிர்ப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்ப இவனோட நிஜ மார்க் என்ன?"

"தெரியாதும்மா."

"முன்னாடி எப்படி இருந்தான்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு போயிருக்குன்னு என்னால சொல்ல முடியும்? எதை வச்சு நான் பாக்கறது?"

 

"நல்லா இருந்தான்மா" என்றார் கலெர்வோ. "ரொம்ப நல்லா இருந்தான்."

யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமல், கட்டிலில் கிடந்த ஆர்ட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.