இடது நாற்காலியின் வாழ்க்கை வரலாறு

அந்தக் கல்லூரியில் இடைநிலை ஆங்கிலம் படித்த எல்லோருடைய அப்பாவும் பல் டாக்டர்.

மூன்று வருடங்களாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்துவிட்டுப் போன நோட்ஸ் ஒன்று, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக எழுத்து மங்கிக்கொண்டே கைமாறி வந்தது. வாய்மொழித் தேர்வின் முதல் கேள்விக்கு அதில் இருந்த பதில்: 'என் தந்தை ஒரு பல் மருத்துவர். நாங்கள் கடலோரத்தில் ஒரு வெள்ளை வீட்டில் வசிக்கிறோம்.' பேக்கரியில் மாவு பிசைகிறவரின் அப்பாவும் பல் டாக்டர், பஸ் டிரைவரின் அப்பாவும் பல் டாக்டர். போன வருடம் ஒரே வகுப்பில் படித்த அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பல் டாக்டர் அப்பாவாக அமைந்தது தற்செயலான பொருத்தம்.

இந்த வருடம் வந்த மிஸ் புதியவர். வந்த இரண்டாம் நாளே நோட்ஸை மொத்தமாகப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இனிமே யாரும் அந்தப் பல் டாக்டர் இருக்கிற திசையிலயே தலைவச்சுப் படுக்கக் கூடாது. அவங்கவங்க வாழ்க்கையை அவங்கவங்களே எழுதுங்க. அதையே பேசுங்க."

வகுப்பு கீழ்ப்படிந்தது. எல்லோரும் உட்கார்ந்து தங்கள் சொந்த வாழ்க்கையை எழுதினார்கள். மிஸ் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். பிறகு எல்லோரும் அதை மனப்பாடம் செய்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கும் அதையேதான் செய்தார். முப்பத்தாறு வயதில் தன்னுடைய வாழ்க்கையைத் தானே நெட்டுரு போடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது, தனக்கு ஒரு மனைவியும் எட்டு வயது மகளும் இருக்கும் விவரத்தைக் கண்ணாடி பார்த்து இரண்டு தடவை சொல்லிக்கொள்வார். மனைவியும் மகளும் அப்போது பின்னால் நின்று குளியலறைக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் பேச்சில் மட்டும் கருமி. வேலை அப்படி. லிஃப்ட் நின்றுபோனால் ஊரே அவரிடம் பேசும். அவர் வயரோடு மட்டும் பேசுவார். பல வருடம் அது போதுமானதாக இருந்தது. பிறகு புது மாதிரி லிஃப்டுகள் வந்தன. அவற்றுக்குக் கோளாறு வந்தால் வயர் எதுவும் சொல்லாது. ஒரு சின்னத் திரையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் அதைப் படித்துவிட்டு அவரிடம் ஸ்பேனரை நீட்டச் சொன்னார்கள். அவரும் நீட்டினார்.

அதே கல்லூரியின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கண்ட்ரோல் டிப்ளமோ நடந்தது. அதில் சேர இடைநிலை ஆங்கிலத்தின் வாய்மொழித் தேர்வில் நூற்றுக்கு அறுபது வேண்டும். மெக்கானிக் இரண்டு தடவை போயிருந்தார். முதல் தடவை தன் பெயரைச் சரியாகச் சொன்னார்; மீதி நேரம் முழுவதும் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்படி மூன்று முறை ஆரம்பித்ததில் தேர்வாளருக்கே பாதி பாடமாகிவிட்டது.

மூன்றாவதும் போனால் அடிமட்ட வகுப்பில் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. 'இது ஒரு ஆப்பிள்' என்பதிலிருந்து மறுபடி கிளம்பி வந்துசேர இரண்டு வருடமாகும். டிப்ளமோவுக்கு வயது வரம்பு முப்பத்தாறு.

தேர்வு இரண்டிரண்டு பேராக. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அவருக்கு வாய்த்த ஜோடி லாண்ட்ரி அக்கா. இரண்டு தெரு தள்ளிக் கடை. வாய் ஓயாது. அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதற்கு ஒரு ஹோட்டல் காரணம். அதன் மேனேஜருக்கு ஆங்கிலம் தவிர எதுவும் வராது; அக்காவுக்கு 'எஸ்' தவிர எதுவும் வராது. இருநூறு துண்டுகளை ஒரே நாளில் வெளுத்துத் தருவதாக ஒருமுறை தன்னையறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, மூன்று நாள் முதுகு நிமிராமல் கிடந்தார். நான்காம் நாள் கல்லூரியில் வந்து சேர்ந்தார்.

வகுப்பு முடிந்ததும் அக்கா கடையிலேயே பயிற்சி. கடையில் இரண்டு ஸ்டூல். வலது பக்கத்து ஸ்டூல் இஸ்திரி மேஜையை ஒட்டி இருந்ததால் அது அக்காவுடையது. இடது பக்கம் மெக்கானிக். கேள்வி கேட்க ஆள் இல்லாததால், தொங்கவிட்டிருந்த கோட்டு ஒன்றைத் தேர்வாளராக நியமித்துக்கொண்டார்கள். இடது ஸ்டூல்தான் முதலில் பேசும், பிறகு வலது.

"பதினோரு வருஷம் சொன்னியே தம்பி, அப்புறம் பிரேக்கைப் பரிசோதிக்கிறதை விட்டுட்ட பாரு," என்பார் அக்கா, இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே.

"என் பாடத்தை ஏன்க்கா நீங்க படிக்கிறீங்க?"

"நீ நடுவுல முழிச்சா யார் எடுத்துக் குடுக்கறது? கோட்டா குடுக்கும்?"

நான்கு மாதத்தில் அக்காவுக்கு இரண்டு வாழ்க்கையும் தண்ணீர்பட்ட பாடு. மெக்கானிக்குக்கும் கேட்டுக் கேட்டே லாண்ட்ரி பாதி ஏறியிருந்தது. வாழ்க்கை வரலாறுகள் ஆட்களோடு அல்லாமல் ஸ்டூல்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டன என்பதை மட்டும் இருவருமே கவனிக்கவில்லை.

தேர்வு நாள் காலை மனைவி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"போன தடவை மாதிரி மேஜையைப் பாத்துட்டு வராதீங்க. எதிர்ல இருக்கிறவங்களும் மனுஷங்கதான்."

"ம்."

"இந்த 'ம்'மை இங்கிலீஷ்ல சொன்னா எத்தனை மார்க் போடுவாங்க?"

அறை எண் ஏழு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா, குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பாரபட்சம் வரக்கூடாதென்று மாணவர்களின் பெயரோ தொழிலோ அவரிடம் கொடுப்பதில்லை. பதிவு எண்கள் மட்டும்தான். இருவரும் உள்ளே நுழைந்ததும் அவர் புன்னகைத்து, மரியாதையாக, முதல் நாற்காலியை அக்காவுக்குக் காட்டினார். அது இடது நாற்காலி. மெக்கானிக் மிச்சமிருந்ததில் உட்கார்ந்தார்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார் தேர்வாளர், ஆங்கிலத்தில். அதற்கப்புறம் அந்த அறையில் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான்.

அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். மூச்சை இழுத்தார். சாவி கொடுத்தது மாதிரி கிளம்பினார்.

"வணக்கம். நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நான் பதினோரு வருடங்களாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் நான் பிரேக்கைப் பரிசோதிக்கிறேன்."

மெக்கானிக் பக்கவாட்டில் சாய்ந்தார். அக்காவின் முழங்கையை இடிக்கலாமா என்று பார்த்தார். இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு கை தூரம் இருந்தது.

"எனக்கு ஒரு..." என்று வந்த இடத்தில்தான் அக்காவுக்கே உறைத்தது. அடுத்த சொல் மனைவி. முகம் வெளுத்தது. ஒரு நொடி மெக்கானிக்கைப் பார்த்தார். "...கணவர் இருக்கிறார்," என்று முடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லது. நீங்கள்?" தேர்வாளர் அவர் பக்கம் திரும்பினார்.

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அக்கா அங்கேயே கவிழ்ந்துவிடுவார். சொல்லாமல் தன்னுடையதைச் சொல்லலாம் என்றால், ஒரே அறையில் ஒரே மாதிரி இரண்டு லிஃப்ட் மெக்கானிக்குகள் பிரேக்கைப் பரிசோதித்தால் அது பல் டாக்டர் கதையாகிவிடும். கையிலிருந்த ஒரே வாழ்க்கையை அக்கா எடுத்துக்கொண்டாயிற்று. மிச்சமிருந்தது லாண்ட்ரி.

"நான் ஒரு லாண்ட்ரி வைத்திருக்கிறேன். முப்பது வருடங்களாக."

தேர்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "மிகவும் சின்ன வயதில் ஆரம்பித்திருக்கிறீர்கள்."

இது பாடத்தில் இல்லை. "ஆமாம்," என்றார் மெக்கானிக். மேஜையின் விளிம்பு கண்ணில் பட்டது. பழைய நண்பனைப் போல அது அவரை அழைத்தது.

தேர்வாளர் அக்காவிடம் திரும்பினார். "ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். நீங்கள் அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?"

அக்கா யோசித்தார். தனக்குத் தெரிந்த ஒரே லிஃப்ட் மெக்கானிக்கை மனதில் நிறுத்திப் பார்த்தார். நேர்மையாகப் பதில் சொன்னார்.

"ஒன்றும் சொல்ல மாட்டேன். மெக்கானிக் பேச மாட்டார்."

"பேசுவார்," என்றார் மெக்கானிக்.

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தேர்வாளரின் பேனா நின்றது. அக்கா மிரண்டு போய், இருக்கிற வேஷத்தையாவது காப்பாற்றப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் லாண்ட்ரி."

"தெரியும். நான் சொல்வேன், பயப்படாதீர்கள். காற்று இருக்கிறது. லிஃப்ட் விழாது. மேலே நான்கு கயிறு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் நான்கையும் நான் என் கையால் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு தடவை ஒரு அம்மா உள்ளே அழுதார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, என் மகள் பள்ளியில் வரைந்த பூனையைப் பற்றிச் சொன்னேன். இருபது நிமிடம். பூனைக்கு ஐந்து கால்."

இது எழுதியதில் இல்லை. மிஸ் திருத்தியதிலும் இல்லை. வினைச்சொற்கள் எல்லாம் காலம் தப்பி அங்கங்கே விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

"லாண்ட்ரிக்காரர் எதற்காகக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்?" என்று கேட்டார் தேர்வாளர்.

மெக்கானிக் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தார். "மேடம், நான்தான் லிஃப்ட். இவர் லாண்ட்ரி. நாற்காலி மாறிவிட்டது. தவறு என்னுடையது."

"இல்லை, என்னுடையது," என்றார் அக்கா. "நான்தான் முதலில் தவறாகச் சொன்னேன்."

"நான் உடனே சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம், சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எப்போதும் சொல்வதில்லை. நான்கு மாதம் என் கடையில் உட்கார்ந்தீர்கள். அந்தப் பூனையை என்னிடம் சொன்னீர்களா?"

"நீங்கள் இடம் கொடுத்தீர்களா? நான் வாயைத் திறந்தால் நீங்கள் துண்டு பற்றிச் சொல்வீர்கள். இருநூறு துண்டு. எனக்கு ஒவ்வொரு துண்டும் தெரியும்."

"இருநூறு துண்டு சின்ன விஷயமா? நீங்கள் ஒரு துண்டைக் காய வையுங்கள் பார்க்கலாம்."

"நீங்கள் ஒரு கயிற்றைத் தொடுங்கள் பார்க்கலாம்."

ஐந்து நிமிடம் முடிந்து கடிகாரம் ஒலித்தது. துண்டுகள் எப்படிக் காய வேண்டும் என்பதில் இருவருக்கும் தீவிரமான கருத்து வேறுபாடு நிலவியதால் அது யார் காதிலும் விழவில்லை. தேர்வாளர் கடிகாரத்தின் தலையில் தட்டி அதை அடக்கினார். மதிப்பெண் தாளைப் பார்த்தார். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், எதிராளிக்குப் பதில் சொல்லுதல் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. உண்மைக்கென்று கட்டம் கிடையாது. தலையைத் தாளோடு ஒட்டிக் குனிந்து எழுத ஆரம்பித்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே பெஞ்சில் அக்கா பொசுக்கென்று உட்கார்ந்தார்.

"உன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே தம்பி. நாற்காலியப் பாத்ததும் வாய் அதுபாட்டுக்குப் போயிருச்சு. எனக்கென்ன, அடுத்த தடவை எழுதிக்குவேன். உனக்கு வயசு போயிருமே."

"பரவால்லக்கா."

"என்ன பரவால்ல? திட்டவாவது செய்யேன்."

"உள்ளேயே திட்டிட்டேன்."

அக்கா யோசித்துப் பார்த்தார். "ஆமா, திட்டினதான். நல்லாவே திட்டின," என்றார். குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

நாலே முக்கால் மணிக்கு மிஸ் இரண்டு துண்டுச் சீட்டுகளோடு வந்தார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டைக் கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அக்காவுக்கு எழுபத்தொன்று. மெக்கானிக் தன்னுடையதைக் கட்டம் கட்டமாகப் படித்தார். உச்சரிப்பு பதினொன்று. இலக்கணம் ஏழு. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். சொல்வளம் பன்னிரண்டு. சரளம் பதினாலு. எதிராளிக்குப் பதில் சொல்லுதல், இருபதுக்குப் பத்தொன்பது. விரல் விட்டுக் கூட்டினார். அறுபத்து மூன்று. நம்பாமல் கீழிருந்து மேலாகவும் கூட்டினார்.

"நாலு மாசமா ஒரு பாட்டில் சிவப்பு மையைக் காலி பண்ணிருக்கேன்," என்றார் மிஸ். "அதுல ஒரு வரியைக்கூட நீங்க சொல்லலையாம். அந்த மேடம் சொன்னாங்க."

"சாரி மிஸ்."

"சாரியெல்லாம் இருக்கட்டும். டிப்ளமோ ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. ஓடுங்க."

ஓடினார். இடைநிலை வகுப்பு கீழ்த்தளத்தில், டிப்ளமோ மூன்றாம் மாடியில். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறினார்.

டிப்ளமோ ஆபீஸ் குமாஸ்தா மேஜை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி திறந்து ஒரு படிவத்தை நீட்டினார். முழுக்க ஆங்கிலம். மெக்கானிக் ஜன்னலோரம் நின்று நிரப்பினார். பெயர், வயது, தொழில் எல்லாம் மளமளவென்று போயின. கடைசியில், இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

சின்னத் திரையில் ஓடும் எழுத்தைப் பற்றி முதல் வரியில் எழுதினார். ஸ்பேனரை நீட்டியதைப் பற்றி இரண்டாவது வரியில். மூன்றாவது வரி முடிந்தபோது அவர் இன்னும் ஒரே ஒரு லிஃப்டைத்தான் சொல்லி முடித்திருந்தார். தாளைத் திருப்பினார்.

ஐந்து அடித்துப் பத்து நிமிடம் ஆனது. குமாஸ்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு வரிதான் சார் கேட்டிருக்கு. பின்பக்கம் முழுக்க எழுதிட்டீங்க. முடிஞ்சுதா?"

"இல்ல சார்," என்றார் மெக்கானிக், தலை நிமிராமல். "இன்னொரு தாள் இருக்குமா?"